பத்தாவது மூட்டை

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு என்னோடு சேர்ந்தவள் ஒரு ஏறாவூர்க்காரி. நெல் மூட்டைகளின் ஈரப்பதத்தைப் பார்த்து, அடுக்கலாமா, மறுபடி காயவைக்க வேண்டுமா என்று சொல்லும் கணினி நிரல் ஒன்றை எழுதினோம். ஒவ்வொரு மூட்டையின் ஈரத்தையும் வாங்கிப் பதிவது என் பகுதி. பதினான்கு சதவீதம் என்ற எல்லையை வைத்து, தாண்டியதைத் தள்ளுவது அவள் பகுதி.

ஓடவிட்டால் நிரல் சொட்டச் சொட்ட நனைந்த நெல்லையும் நல்லது என்றது. பார்த்தால், அவள் வைத்த பதினான்கு எப்படியோ இருபத்தொன்றாகியிருந்தது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். நேரே விரிவுரையாளரிடம் போய், "பிழை அவட பகுதியிலதான் சேர்" என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் அவள் அடுத்த வருடம் தனியாகச் செய்ய வேண்டும் என்றார் அவர். அப்படியானால் அவளுக்குக் கிடைத்திருந்த வேலையும் போய்விடும்.

அவள் சண்டைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஐந்தாறு வரி எழுதிச் சேர்த்தாள். தன் பதினான்குக்கு ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்து, ஒவ்வொரு மூட்டைக்குப் பிறகும் இரண்டையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் அந்த வரிகள் மூட்டையின் எண்ணைத் திரையில் காட்டும். அவ்வளவுதான்.

"ஓடவிடுகா, பாப்பம்" என்றாள்.

ஒன்பது மூட்டைவரை ஒன்றுமில்லை. பத்தாவதை என் பகுதி பதிந்ததும் திரையில் பத்து என்று வந்தது. அந்த மூட்டையின் ஈரம் இருபத்தொன்று.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்து மூட்டைக்குப் பத்து இடம் ஒதுக்கியிருந்தேன். கணினியில் முதல் இடத்தின் எண் சைபர், பத்தாம் இடத்தின் எண் ஒன்பது. எங்கள் வீட்டில் முதல் மூட்டையை ஒன்று என்றுகூட எண்ணமாட்டோம், லாபம் என்போம். லாபத்தைச் சைபரில் வைக்க மனம் வராமல் ஒன்றாம் இடத்திலிருந்து அடுக்கியிருந்தேன். ஓரிடம் கூட்டி ஒதுக்க மறந்துபோனேன். பத்தாவது மூட்டை பக்கத்திலிருந்த அவள் எண்ணின் மேல் போய் விழுந்திருந்தது.

"சைபர்ல வெச்சா நெல்லு கொட்டுண்டு போயிருமாகா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

விரிவுரையாளரிடம் நானே போய், பிழை என்னுடையது என்றேன். அவளும் கூட வந்தாள்.

"அப்ப ஏன் அவ்வளவு உறுதியா அவட பிழை எண்டு சொன்னீங்க?"

 அவள்தான் சொன்னாள், "நானும் என்ட பிழை எண்டுதான் நினைச்சன் சேர்."

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றே நினைத்தேன். பிறகு அவளது கொப்பியைப் பார்த்தேன். மூன்று நாளாகத் தன் வரிகளையே ஒவ்வொன்றாக எழுதி எழுதிச் சரிபார்த்திருக்கிறாள். என் வரி ஒன்றுகூட அதில் இல்லை.