முழங்கையில் வைத்த பொட்டு

தம்பி போனில் “கூடை வண்டி” என்று சொன்னதும், காய்கறி விற்கப் போகிறான் என்று நினைத்துவிட்டேன்.

“அது இல்லக்கா. தெருவெளக்கு மாத்துறப்ப ஆள ஒரு கூடையில நிக்க வெச்சி மேல தூக்குவாங்க பாரு, அந்த வண்டி. பழசுதான். சங்கராபுரம் ரோட்ல ஒருத்தரு விக்கிறாரு. நீ வந்து காயிதம் பாரு.”

அவனுக்குத் தொழில் மரம் வெட்டுவது. முழு மரத்தைச் சாய்ப்பதைவிடக் கிளை கழிப்பதுதான் அதிகம். ஓட்டின்மேல் சாய்ந்த புளியங்கிளை, மின்கம்பியை உரசும் வேம்பு, பள்ளிக்கூட மதிலைத் தள்ளும் தூங்குமூஞ்சி மரம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். கீழே மணலூர்பேட்டை வரைக்கும், மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரைக்கும் அவனைக் கூப்பிடுவார்கள். எட்டாத கிளையை மற்றவர்கள் விட்டுவிட்டு இறங்குவார்கள். இவன் நுனிவரை ஏறுவான். அதற்காகத்தான் கூப்பிட்டார்கள்.

போன ஆடியில் மலையில் ஒரு வீட்டுக்கூரைமேல் கவிந்திருந்த பலாமரத்திலிருந்து விழுந்தான். இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். கயிறு அறவில்லை, கட்டிய கிளையே ஒடிந்து அவனோடு வந்தது. வலது தோள் எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கை தோள் உயரத்துக்குமேல் போவதில்லை. இனிமேல் மரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன்பிறகு இரண்டு ஆட்களை ஏறவிட்டு, கீழே நின்று கத்திக்கொண்டிருந்தான். “நீ ஏறலியா?” என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். மார்கழியில் அவன் போன் அடிப்பதே குறைந்துவிட்டது.

கூடை வண்டி இருந்தால் கிளை இருக்கும் உயரத்துக்கு அதுவே கொண்டுபோய் நிறுத்தும். ரம்பத்தை நெஞ்சளவில் பிடித்தால் போதும். அவனுக்கு அந்த வண்டி வேண்டும். அவன் இன்னொரு முறை விழக் கூடாது என்பதுதான் எனக்கு வேண்டியது. இரண்டும் ஒன்றுதான் என்று வண்டியைப் பார்க்கப் போகும்வரை நினைத்திருந்தேன்.

நான் நாளிதழ் ஒன்றில் பல வருடங்கள் செய்தி எழுதி, பிறகு மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி, வேலையை விட்டு வந்தவள். வீட்டில் எந்தக் காகிதமானாலும் என்னிடம் வரும். வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக்கும் வந்தார். கள்ளக்குறிச்சியில் டிராக்டரும் மண் அள்ளும் இயந்திரங்களும் பழுது பார்ப்பவர். எங்கே எண்ணெய் கசிகிறது என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார் என்று தம்பி பெருமையாகச் சொன்னான்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பழைய லாரிகள் நிற்கும் ஒரு மைதானத்தில், தகரக் கொட்டகைக்கு வெளியே விற்பவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தம்பியிடம் சிரித்தார்.

“இன்னாப்பா, அக்காவயும் கூட்டிகினு வந்துட்ட? வண்டி பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?”

“பொண்ணுன்னா நானே ஒத்துக்குவேங்க. வண்டிக்கு அவங்கதான் தலையாட்டணும்” என்றான் தம்பி.

சிறிய லாரி. அதன்மேல் இரண்டாக மடங்கிய இரும்புத் தூண். தூணின் நுனியில் ஓர் ஆள் நிற்கும் கூடை. மெக்கானிக் எல்லாவற்றையும் உடம்பின் பெயர்களால் சொன்னார். தூக்கும் தூண் கை. அது மடங்கும் மூட்டு முழங்கை. வண்டி சாயாமல் இருக்கத் தரையில் ஊன்றும் நான்கும் கால். வண்டி முழுக்கப் புது மஞ்சள் பெயிண்ட்.

காகிதத்தில் குறை இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணும் இன்ஜினில் பொறித்திருந்த எண்ணும் ஒத்துப்போயின. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிய இன்னும் மாதங்கள் இருந்தன.

“மீட்டரப் பாருங்க. முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஆவல. ஓட்டமே கம்மி” என்றார் விற்பவர். தம்பியின் முகம் மலர்ந்தது. டிராக்டரோ காரோ வாங்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.

நான் பின்பக்கம் கையை ஏற்றி இறக்கும் கைப்பிடிகளைப் பார்த்தேன். அவற்றின் ரப்பர் உறைகள் தேய்ந்து, கட்டைவிரல் படும் இடத்தில் குழி விழுந்திருந்தது. இந்த வண்டி ஓடுவது வேலைக்குப் போய்ச் சேரத்தான். வேலை செய்வதெல்லாம் நின்றபடி. மீட்டர் சரியான எண்ணைத்தான் காட்டியது, ஆனால் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதில் இல்லை.

“நின்னு வேலை செஞ்ச கணக்கு எங்கங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“நிக்கிறதுக்கு எவன்க்கா கணக்கு வெப்பான்?” என்றார் அவர். மெக்கானிக்கே சிரித்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டுகள் வண்டியில் இருந்தன. ஸ்டியரிங்கில், கண்ணாடியில், பேட்டரிப் பெட்டியில். பெயிண்ட் அடித்தவர் அந்த இடங்களைத் தவிர்த்திருந்தார். மூன்று மாதத்துச் சந்தனம் வெளுத்து உதிர்ந்திருந்தது. குங்குமம் கறுத்திருந்தது. முழங்கையில் இருந்த பொட்டு மட்டும் வேறு. உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். குங்குமம் சிவப்பாகவே இருந்தது. அது புது பெயிண்டுக்குமேல் வைத்தது. தம்பி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கையில் ஃபோன் இருந்தது. பின்படியில் ஏறி நின்று எல்லாப் பொட்டுகளையும் படம் எடுத்தேன். ஏன் என்று கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரே காகிதத்தில் இரண்டு மை இருந்தால் கண் அங்கே நின்றுவிடும். அவ்வளவுதான்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். அடியில் படுத்துக் குழாய்களைத் தடவினார். நான்கு கால்களையும் ஊன்றச் சொல்லிப் பார்த்தார். “இன்ஜின் தங்கம்” என்றார். அடுத்துத் தம்பி கூடையில் ஏறினான். விற்பவர் கைப்பிடியை இழுக்க, இரும்புக் கை மெதுவாக நிமிர்ந்தது. புளியமர உயரத்தைத் தாண்டியதும் மேலிருந்து அவன் குரல் வந்தது.

“யக்கா, மல தெரியுதுக்கா! மொத்த மலயும் தெரியுது!”

ஆறு மாதமாக அவனிடம் அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

கை மடங்கி அவன் கீழே வந்ததும் நான் மறுபடி படியில் ஏறினேன். முழங்கையில் இருந்த சந்தனம் வெடித்திருந்தது. காய்ந்த சந்தனம் வெடிப்பது புதிதல்ல. அது வலைபோல, நாலாபுறமும் வெடிக்கும். இது அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல மேலிருந்து கீழாக ஒரே நேராக வெடித்திருந்தது. படத்தை எடுத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்துக்கு முன்பு அந்தக் கோடு இல்லை.

மெக்கானிக்கிடம் ஃபோனைக் காட்டினேன். அவர் படத்தையும் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தப் பொட்டக் கொஞ்சம் தொடச்சிப் பாக்கலாங்களா?” என்று விற்பவரிடம் கேட்டேன்.

“சாமிக்கு வெச்ச பொட்டுக்கா அது. வண்டி வாங்க வந்த எடத்துல பொட்டத் தொடப்பாங்களா? உங்க வூட்டுக்குத்தான் ஆவாது.”

“அக்கா, வுடுக்கா” என்றான் தம்பி. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கண் வண்டியைவிட்டு நகரவில்லை.

நானும் தொடவில்லை. எழுதுவதற்காக எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஆனால் அந்தப் பொட்டின்மேல் கை வைக்க எனக்கும் கை வரவில்லை. “நீ மேல போனப்பதான்டா இது வெடிச்சுது” என்று மட்டும் சொல்லி, இரண்டு படங்களையும் அவன் கையில் கொடுத்தேன்.

நீண்ட நேரம் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்படியில் ஏறினான். வாயில் ஏதோ முணுமுணுத்தான். தோளில் கிடந்த துண்டால், கை எட்டிய அளவில், சந்தனத்தைத் துடைத்தான்.

அடியில் பெயிண்டும் பிளந்திருந்தது. மெக்கானிக் திருப்புளியால் சுரண்டினார். பள்ளம் தெரியாமல் அடைத்துப் பூசியிருந்த பட்டி உதிர்ந்தது. அதற்கும் கீழே பழைய வெல்டிங் தழும்பு. அந்தத் தழும்பின் ஓரமாக, தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

“எனக்குத் தெரியாதுப்பா. பெயிண்டு அடிச்சவன் பொட்டு வெச்சிக் குடுத்தான்” என்றார் விற்பவர். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உடனே சொன்னார்: “இது ஒரு விஷயமா? நாளைக்கே வெல்டு வெச்சித் தரேன். வெலயிலயும் கொறச்சிக்கலாம்.”

தம்பி மெக்கானிக்கைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ‘சரி என்று சொல்லேன்’ என்று இருந்தது.

“வெல்டு நானே நல்லா வெப்பேன். செங்கல் ஏத்துற வண்டின்னா சரின்னுடுவேன். இது மேல நீ நிக்கப் போற” என்றார் மெக்கானிக்.

தம்பி கூடையைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். பிறகு விற்பவரைக் கேட்டான். “நீங்க ஒருவாட்டி ஏறுங்களேன். நான் கீழ நின்னு தூக்குறேன்.”

“எனக்கு சுகருப்பா. ஒசரம் போனா தல சுத்தும்.”

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டான்.

திரும்பும் வழியில் மெக்கானிக் தானாகவே சொன்னார். “அந்த எடத்த நான் பாக்காம இல்லக்கா. பொட்டு வெச்ச எடத்துல கை வெக்கிறதில்ல, பழக்கம். எண்ணெய், க்ரீஸு எல்லாத்தையும் தொடச்சிட்டுப் பாப்பேன். பொட்டத் தொடச்சதில்ல.” தம்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அடுத்த ஒரு வாரம் அவன் எனக்குப் போன் செய்யவில்லை. வண்டி கைவிட்டுப் போனதற்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. விற்பவரையும் மெக்கானிக்கையும்விட என்மேல் கோபப்படுவது அவனுக்குச் சுலபம்.

மாசியில் மணலூர்பேட்டையில் இன்னொரு வண்டி இருப்பதாகத் தகவல் வந்தது. வண்டிக்கு உடையவர் ஊராட்சிகளுக்குத் தெருவிளக்கு மாற்றிக் கொடுத்தவர். அறுபது வயது இருக்கும்.

“எதுக்கு விக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“எல்.இ.டி. வந்ததுலருந்து ஒரு பல்பும் அணைய மாட்டேங்குதும்மா. இந்தக் கூடைய வெச்சிகினு நான் இன்னா, இட்லியா ஊத்துறது?”

பெயிண்ட் எப்போது அடித்தது என்று சொல்ல முடியாத வண்டி. கூடையின் விளிம்பு நசுங்கியிருந்தது. கேட்பதற்கு முன்பே அவர் குறைகளைச் சொல்லிக்கொண்டு போனார். பின்னால் இடது காலில் எண்ணெய் கசியும். ஹாரன் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகாது, இரண்டாம் தடவை ஆகும்.

மெக்கானிக் டீசலில் நனைத்த துணியால் முழங்கையை இரும்பு தெரியத் துடைத்தார். பிறகு கூடையில் இரண்டு நெல் மூட்டைகளை வைக்கச் சொன்னார். கையை முழுதாக நிமிர்த்தி, இன்ஜினை அணைத்தார். கூடையின் அடியிலிருந்து கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு ஒன்று நூலில் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு கல்லை, ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு வைத்தார். எண்ணெய் உள்ளுக்குள் கசிந்தால் கை தானாகத் தாழும், குண்டு கல்லைத் தொடும்.

நாங்கள் சாப்பிடப் போனோம். தம்பி வரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். மூன்று மணிக்குத் திரும்பியபோதும் அங்கேயே இருந்தான். இடைவெளியில் விரலை விட்டுக் காட்டினான். நுழைந்தது.

“அப்ப இன்னா வெல சொல்றீங்க?” என்றான்.

“இரு. கீழ நிக்கப் போறது யாரு?” என்று கேட்டார் உடையவர். “நீ மேல போவ. மேல மயக்கம் வந்துச்சி, குளவி கொட்டிச்சி, இன்ஜின் நின்னுபோச்சி. யாரு எறக்குவா? அதுக்கு ஒரு ஆள் கத்துக்காம நான் வெல சொல்ல மாட்டேன்.”

தம்பி சுற்றிலும் பார்த்தான். மெக்கானிக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவன் என்னைப் பார்த்தான்.

மூட்டைகளை இறக்கினார்கள். தம்பி கூடையில் ஏறி இடுப்பு பெல்ட்டை மாட்டினான். ஏற்றும் கைப்பிடி எது, இறக்கும் கைப்பிடி எது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். இழுத்தேன். அவன் என் கையால் மேலே போனான். செருப்பின் அடிப்பாகம் கூடையின் கம்பி இடைவெளியில் தெரிந்தது, பிறகு அதுவும் சிறிதானது. அவன் கத்தவில்லை. கீழே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சிக்குப் போனதும் உடையவர் சொல்லாமல் கொள்ளாமல் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

“வண்டி நின்னுபோச்சி. எறக்கும்மா.”

பக்கவாட்டில் இருந்த சிறிய கைப்பம்பைக் காட்டினார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கூடை ஒரு சாண்கூட இறங்கவில்லை. முதலில் எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. நடுவில் கை மாற்றினேன். “நிதானமாக்கா” என்று மேலிருந்து ஒரே ஒரு தடவை சொன்னான்.

கூடை தரைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் அவன் குதிக்கப் பார்த்தான். “எறங்கக் கூடாது! அவங்க எறக்கட்டும்!” என்று உடையவர் அதட்டினார். நான் இன்னும் நான்கு முறை அடித்தேன். கூடை மண்ணில் உட்கார்ந்தது. தம்பி பெல்ட்டைக் கழற்றாமல் விளிம்பைப் பிடித்தபடி நின்றான்.

“இப்ப வெல பேசலாம், வாங்க” என்று உடையவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்.