மஞ்சள் தண்ணீரில் குளித்த முட்டைகள்

மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்க, கடமலைக்குண்டிலிருந்து நாத்தனார் இன்று ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டையோடு வந்திறங்கினார்.

“வேணாம் மதினி, சால்மோனெல்லா கிருமி இருந்தாலும் இருக்கும்” என்றேன்.

“மஞ்சத்தண்ணில கழுவிட்டேன்ல.”

“ஓட்டக் கழுவி என்ன செய்ய? கோழி வயித்துல கிருமி இருந்தா, ஓடு கட்டுறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ள போயிரும். கோழி பாக்க நல்லாத்தான் இருக்கும்.”

“ஏத்தா, நல்லாருக்க கோழியப் போயி நோயாளிங்கிறியே. அது எங்க வீட்டுக் கோழி.”

கோழிக்கும் குலப்பெருமை இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

மதினி குளிக்கப் போன நேரத்தில் மொத்தத்தையும் அவித்துவிட்டேன். மகள் தப்பித்தாள். நான் மாட்டிக்கொண்டேன்.

அல்லிநகரம் பக்கம் இருப்பவர்கள் வாருங்கள், மிளகுத்தூள் தயார். யார் பக்கம் நியாயம் என்பதைச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். மதினி வாசலில்தான் நிற்கிறார்.