துட்டி வீட்டில் சொல்லக் கூடாதது

ஏர் பிரேக்குக்கு ஒரு பெருமூச்சு உண்டு. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பி நிற்கும்போது விடும், புஸ்ஸ்ஸ் என்று, மகளைக் கட்டிக் கொடுத்த தகப்பன் மாதிரி. அது காதில் விழுந்தால் இன்றைக்கும் என் நெஞ்சு ஒரு தரம் எழுந்து உட்காரும். என் மகள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அம்மா இல்லை. புஸ்ஸ்ஸ். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இரண்டாவது வார்த்தை 'ரைட்'. மூன்றாவதாக ஒரே மூச்சில் வீரபாண்டி கோட்டூர் சீலையம்பட்டி சின்னமனூர் உத்தமபாளையம் கம்பம் கூடலூர் குமுளி. பெற்றவளின் முறை அதற்கும் பிறகு வந்தது. குமுளி வரைக்கும் போய்த் திரும்பி வருகையில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்பது போல.

ஆட்டிசம் என்று தேனியில் டாக்டர் சொன்னார். எங்கள் தெரு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் படிக்காத டாக்டர்கள் அதிகம். என் நாத்தனார் அதில் தலைமை.

"நாக்குல வசம்பச் சுட்டுத் தேச்சு விடுங்க மதினி. படபடன்னு பேசிருவா."

வசம்பு தேய்த்தேன். பிள்ளை படபடவென்று வாந்தி எடுத்தாள். வசம்பு நல்லதாக இல்லையாம். பிறகு வீரபாண்டிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். நேர்ந்துகொண்டேன். அம்மன் என்ன நினைத்தாளோ, பஸ் ஏறிப் போகிற வழியில்தான் பிள்ளைக்கு அந்தப் புஸ்ஸ்ஸ் வந்தது. பலித்ததாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நாத்தனார் பதில் சொல்லவில்லை. அவருக்கும் சில சமயம் பேச்சு வராது.

அல்லிநகரத்தில் ஒரு மாடி அறை. கீழே டயர் கடை, மேலே பேச்சுப் பயிற்சி. வாரம் இரண்டு நாள் ரப்பர் வாசனையில் படியேறி என் மகள் பேசக் கற்றாள். "பேச்சுங்கிறது பந்து விளையாட்டும்மா. கேள்வி போனா பதில் வரணும். பதிலோட சேந்து இன்னொரு கேள்வியும் வரணும்" என்பார் டீச்சர். என் மகள் பந்தை ஒழுங்காகப் பிடிப்பாள். பிடித்ததும் பத்திரமாக வைத்துக்கொள்வாள். ஒன்பது வருடத்தில் என் வீட்டில் சேர்ந்த பந்துகளுக்கு ஒரு கடையே வைக்கலாம்.

மனிதர்கள் பேசிக்கொள்வதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்த்தான் மனிதர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும்; பதிலுக்கு நிற்க வேண்டியதில்லை. குண்டாக இருப்பவரைக் குண்டாக இருக்கிறீர்கள் என்று சொல்லக் கூடாது. ஒல்லியாகிவிட்டீர்கள் என்று சொன்னால் காப்பி கிடைக்கும். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கிளம்பும்போது போறேன் என்று சொல்லவே கூடாது. சொன்னால் ஆள் போயே போய்விடும். போயிட்டு வாறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் என் மகள் நின்றுவிட்டாள்.

"வரலைன்னா?"

"வராட்டியும் அப்படித்தான் சொல்லணும்."

"பொய்யா?"

இல்லை ஆத்தா, மரியாதை என்றேன். அவள் யோசித்தாள். மாதக் கணக்கில் யோசித்தாள். கடைசியில் மரியாதையையும் உண்மையையும் சேர்த்து வைக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போயிட்டு வாறேன் என்று சொன்ன இடத்துக்கெல்லாம் திரும்பிப் போவது. பல் டாக்டரிடம் சொன்னாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேன், பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று அழுதாள். வலியில்லாத பல்லைக் காட்டிவிட்டு வந்தோம். டாக்டர் நல்ல மனுஷர். பல்லையும் பாராட்டினார்.

எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் ஓய்வு பெற்றதும் சாயங்காலம் தன் வீட்டு கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். தேனி – குமுளி ரூட்டில் முடியெல்லாம் நரைக்கிற வரை ஓட்டியவர். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு சான்றிதழும் வாங்காத மனுஷர். அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்.

"சின்னமனூர் தாண்டுனா அடுத்து சீலையம்பட்டி, என்னத்தா?"

"தப்பு!"

"அப்படியா? நா ரிவர்ஸ்லயே ஓட்டிட்டேன் போல."

"ரிவர்ஸ்ல பேசஞ்சர் ஏற மாட்டாக மாமா."

முருங்கைக்கீரை உருவுகிற சாக்கில் ஜன்னலோரம் நின்று இதையெல்லாம் கேட்பேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் கீரை ரொம்ப உருவப்பட்டது. உருவ ஒன்றும் இல்லாத நாளில் வெறும் காம்பை வைத்துக்கொண்டு நின்றேன். பெருமை வயிற்றில் நிற்காமல் நாத்தனாருக்குப் போன் போடுவேன். "பேசஞ்சர் ஏற மாட்டாகன்னு மரியாதையா சொல்றா!" அவர் கேட்டுவிட்டு, "எம் பேத்தி யூகேஜியிலயே இந்தி பேசுறா" என்பார். வாழ்த்துகள் என்பேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சந்தோஷப்பட்டுக்கொண்டு போனை வைப்போம்.

ஒவ்வொரு நாளும் டிரைவர் அண்ணன் வழியனுப்புவது ஒரே மாதிரிதான்: "நாளைக்கு அஞ்சரைக்கு வந்துரு. லேட்டா வந்தா வண்டி நிக்காது." இவள் போயிட்டு வாறேன் என்பாள். நான் ஜன்னலிலிருந்து சாடை காட்டிய பிறகு. நானாக எடுத்துக்கொடுக்காமல் அவள் வாயிலிருந்து அது ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆண்கள் அவரைக் காடு சேர்த்துவிட்டு வந்த பிறகு, எதிர்வீட்டுக்குத் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்கப் போவதற்கு முன்பு, மகளை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். "யாரும் நம்மள வாங்கன்னு கூப்பிட மாட்டாக. நாமளும் கூப்பிடக் கூடாது. மாமா வீட்டு அத்தை கையப் பிடிச்சுக்கோ. பஸ்ஸப் பத்திப் பேசாத." எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே போவதற்கு நன்றாகத் தயார் செய்தேன். வெளியே வருவதற்குத் தயார் செய்யவில்லை. துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், தெரு நாய்க்கும் தெரியும். அவளுக்கு யார் சொன்னார்கள்?

வாசற்படியில் திரும்பினாள். டிரைவர் அண்ணன் மனைவியின் கண்ணைப் பார்த்தாள். கண்ணைப் பார்! கண்ணைப் பார்! என்று டயர் கடை மாடியில் எத்தனை வருடம் கரைந்திருப்போம். யாரும் எடுத்துக்கொடுக்காமல், வெண்கலம் மாதிரி குரலில் சொன்னாள்:

"அத்தை, போயிட்டு வாறேன்."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "சாவு வீட்டுல சொல்ற வார்த்தையா இது? இன்னொரு துட்டிக்கு இப்பவே சொல்லிட்டுப் போறாளே! புள்ளைய எதுக்கு மதினி கூட்டிட்டு வந்தீக?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். சொன்னேன்:

"வாய மூடு."

ஒன்பது வருடம் திற, திற என்று கெஞ்சிய வாய். வசம்பு, நேர்த்தி, டயர் வாசனை, அத்தனையும் அந்த வாய்க்காக. என் மகள் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. மூடிக்கொண்டாள்.

செவ்வாய் பேசவில்லை. புதன் பேசவில்லை. வியாழனும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பஸ் போனது, பிரேக் பெருமூச்சு விட்டது, அவள் உதடு அசையவில்லை. நாத்தனார் போன் செய்து, "இப்ப அமைதியா இருக்காளா?" என்று அக்கறையாக விசாரித்தார். ரொம்ப அமைதி என்றேன். வந்த பேச்சு திரும்பியும் போகும் என்று டீச்சர் ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மூன்று நாளும், சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும்.

ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிரில் கதவருகே நிற்பாள். மாமாவைத் தேடுகிறாள் என்று நினைத்து, "மாமா இல்ல ஆத்தா" என்று செருப்பைக் கழற்றிவிடுவேன். மறுநாள் மறுபடி மாட்டிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கையைக் கிரில் பூட்டின் மேல் வைத்தாள். அப்போதுதான் எதிரே பார்த்தேன். வாடகை நாற்காலிகள் போய்விட்டன. அவர்கள் மகன் லீவு முடிந்து கோயம்புத்தூர் போய்விட்டான், கருமாதிக்கு வருவான். சொல்லிக்கொள்ளாமல் போன அத்தனை பேரும் சாஸ்திரப்படி நடந்துகொண்டார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. நான் உட்பட. தெருவின் அகலம் பன்னிரண்டு காலடி.

எனக்குப் பல் டாக்டர் ஞாபகம் வந்தார்.

காடு சேர்த்த நாள் போக, வெள்ளியும் செவ்வாயும் துட்டி வீட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினோம்.

டிரைவர் அண்ணன் மனைவி, எனக்கு மதினி, அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் மகள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான்தான் ஏதேதோ பேசினேன், வெயில், தண்ணி வருவது. மதினி தலையசைத்தார். பிறகு எனக்கும் தீர்ந்துபோனது.

"சாப்டீகளா?"

கேட்டது நான் இல்லை. என் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது, அவள் வாயை அல்ல, என் வாயை.

"சாப்ட்டேன் ஆத்தா" என்றார் மதினி. எங்கள் ஊரில் இந்த உரையாடல் இத்தோடு முடிந்துவிடும்.

"என்ன சாப்டீக?"

ஒன்பது வருடம் சேர்த்து வைத்த பந்துகளில் ஒன்று, கடைசியில், திரும்பிப் போனது.

மதினி வாயைத் திறந்தார். பொய் சொல்ல ஏதாவது ஒரு பலகாரத்தின் பெயர் வேண்டும், அகப்படவில்லை. "ஒண்ணும் சாப்பிடலத்தா" என்றார்.

"ஏன்?"

"ஒத்தைக்கு என்னத்த பொங்க…" என்று ஆரம்பித்தவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நாங்கள் அழ விட்டோம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்குப் பசிக்குதா?" என்றார்.

"பசிக்குது."

"ரவை இருக்கு. உப்புமா கிண்டவா?"

"உப்புமா நல்லா இருக்காது."

மதினி சிரித்துவிட்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பாக இருக்கும். "பெறகு மகாராணிக்கு என்னதான் வேணும்?"

"தோசை."

"மாவு இல்லையே."

"எங்க வீட்ல இருக்கு. அம்மா எடுத்துட்டு வரும்."

அம்மா போனாள். மாவுச் சட்டியோடு திரும்பி வரும்போது கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். கையில் கீரைக் காம்பு இல்லாத குறைதான். உள்ளே மதினி கேட்டுக்கொண்டிருந்தார்: "கம்பம் தாண்டுனா புதுப்பட்டியா?" பதில் வந்தது: "தப்பு!" வேறு எந்த வார்த்தையையும் அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை.

ஆளுக்கு மூன்று தோசை சாப்பிட்டோம். மதினி நான்கு.

கிளம்பும்போது வாசற்படியில் என் மகள் நின்றாள். திரும்பினாள். மதினியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை நான் மூடிய கதவு அது. தாழ்ப்பாளும் என் கையில்தான் இருந்தது. விளக்கு இன்னும் எரிகிறது, வெள்ளிக்கிழமை, கருமாதி ஆகவில்லை. எதிர்ச்சுவருக்கு மேலே யாரோ எட்டிப் பார்ப்பது போலவும் இருந்தது. பார்க்கட்டும்.

"சொல்லு ஆத்தா" என்றேன்.

"போயிட்டு வாறேன் அத்தை. நாளைக்கு அஞ்சரைக்கு."

"லேட்டா வந்தா வண்டி நிக்காது, ஆமா" என்றார் மதினி. அண்ணனின் குரலில் சொல்லப் பார்த்தார், பாதியில் உடைந்தது.

என் மகள் இப்போது மதினியின் கண்ணைப் பார்த்தாள்.

"நீங்க இருப்பீகள்ல?"

"இருக்கேன் ஆத்தா. போயிட்டு வா."