கோழித்தீவன லாரிக்குக் குவாண்டம்

குவாண்டம் கம்ப்யூட்டர் நிஜமாகவே வேலைக்கு ஆகுமா என்று சோதித்து ரிப்போர்ட் எழுதுவது என் தொழில். இரண்டு வீட்டாரும் சேர்ந்து திட்டுகிற கல்யாணத் தரகர் வேலை மாதிரி. உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களிடம்தான் இதைக் கொட்ட முடியும். நாமக்கல் பக்கம் ஒரு தீவன மில். எந்த லாரி எந்தக் கோழிப்பண்ணைக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று தினமும் லிஸ்ட் போடுகிறவர் செல்வியக்கா. குவாண்டம் ஜெயித்துவிட்டால் அவரை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஜெயித்ததா என்று சொல்ல வேண்டியவன் நான்.

எட்டே எட்டு

மெஷினை விற்க வந்தவர் ஓட்டிக் காட்டினார். திரையில் எட்டுப் பண்ணை. மில்லுக்கு இருப்பதோ நூற்றுக்கு மேல். "மீதி?" என்றேன். "அடுத்த மாடல்ல வந்துரும் சார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டை என் பழைய லேப்டாப்பே போட்டுவிடும். எட்டிப் பார்த்த செல்வியக்கா சொன்னார்: "எட்டுப் பண்ணைக்கு லிஸ்ட்டே வேண்டாமுங்க, டிரைவரே போயிட்டு வந்துருவாருங்க."

க்யூ

'ஒரே நொடியில் விடை' என்று விற்க வந்தவர் கொடுத்த பேப்பரில் போட்டிருந்தது. நான் பட்டனைத் தட்டியதிலிருந்து நேரம் பார்த்தேன். மெஷின் எங்கேயோ வெளிநாட்டில். அதில் கணக்குப் போட நமக்கு முன்னால் பெரிய க்யூ. லாரிகள் லோடு ஏற்றி நிற்கின்றன, வெயில் ஏறிவிட்டது, விடையைக் காணோம். "க்யூவுல நிக்கிற நேரத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாது சார்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்! அநியாயமில்லையா? வண்டியில் சாய்ந்து நின்ற டிரைவர் கேட்டார்: "ஏனுங்க, அந்தக் கணக்கு கோழிக்குத் தெரியுமுங்களா?"

சீக்குப் பண்ணை

ஒருவழியாக விடை வந்தது. அந்த எட்டுப் பண்ணைக்கு அக்கா போட்டதைவிடத் தூரம் குறைவு. விற்க வந்தவர் கை தட்டினார். அக்கா பேனாவை எடுத்து இரண்டாவது பேரை அடித்தார். சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணை, கோழிகளுக்குச் சீக்கு. அங்கே போன வண்டி அன்றைக்கு வேறு பண்ணைக்குள் நுழையக் கூடாது, அதனால் அது கடைசியில்தான் வர வேண்டும். இதை மெஷினுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான். வெட்கமாய்ப் போயிற்று.

சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை ஒரு பண்ணையே விடுபட்டிருந்தது. அந்த மனிதர் அதைச் சாதாரண கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்துவிட்டு, "பாத்தீங்களா, குவாண்டம்!" என்கிறார். அக்காவுக்கே பொறுக்கவில்லை. "ஊட்டுல ஆக்குனதைக் கொண்டாந்து வெச்சு ஓட்டல் சாப்பாடுன்னா எப்படீங்க?"

போர்டு

எழுதினேன்: இந்த வேலைக்கு இன்றைய குவாண்டம் ஆகாது, சாதாரண கம்ப்யூட்டரும், அதற்கு விவரம் சொல்லச் செல்வியக்காவும் போதும். முதலாளி முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. 'குவாண்டம் முறையில் இயங்கும் மில்' என்று கேட்டில் போர்டு முந்தின வாரமே மாட்டியாகிவிட்டதாம்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். லிஸ்ட்டை இன்னமும் அக்காதான் போடுகிறார். ஆனால் மெஷின் பெயர் போட்ட தாளில் அச்சடித்து, பார்க்க வருகிறவர்களிடம் 'மெஷின் போட்டது' என்று அவரே நீட்ட வேண்டும். வயிறெரிந்துபோய், இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே சொன்னார்: "வேலை எம்பட கையிலதான் இருக்குதுங்க, பேருதான் மெஷினுக்குப் போயிருச்சு."

மெஷினை அளக்க ஆயிரம் வழி கண்டுபிடித்திருக்கிறோம், மாட்டிய போர்டை இறக்கத்தான் ஒரு வழியும் இல்லை.