சாக்கு என்றால் போதும்

தினமும் காலையில் என் வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஒரு பெண் குரல் "சாக்கு, சாக்கு" என்று கத்தும். ஸ்ரீராம்புரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டு வாசலில் நின்றால் எங்கள் கட்டில் தெரியும். என் மனைவி வசந்தாவை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் நேரம் பார்த்துத்தான் அந்தக் குரல் வரும். முதுகு வலித்து நான் முனகுவேன். உடனே "சாக்கு!" என்ன சாக்கு? இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவளை வருடக்கணக்காக ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன் நான். நானா சாக்குச் சொல்கிறேன்? கொதிப்பேன். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். நாங்கள் இந்த ஊருக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். அந்த வருடமே காவிரித் தகராறு. கதவைத் தாழிட்டு, ரேடியோவில் தமிழ் வைக்காமல் உட்கார்ந்திருந்தோம். அதனால் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவோடு வம்பு வேண்டாம் என்று வசந்தா என்னை அடக்கி வைத்திருந்தாள்.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவன். குடியாத்தத்தில் கிடைக்காத வேலை இங்கே கிடைத்தது. வந்து ஐந்து வருடத்தில் வசந்தாவுக்கு முதுகெலும்பில் காசநோய். மருந்தில் நோய் போனது, கால்கள் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதினார்கள். ஒரு ஆளை எப்படிப் புரட்டுவது, எப்படி நகர்த்துவது என்று ஒருத்தரும் காட்டவில்லை. நான் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கை காயிலிலும் ஒரு கை கட்டிலிலுமாகக் கிடந்தேன்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். ஆப்பிள் வாங்கி வருவார்கள். "ஆம்பளையா இருந்துக்கினு இவ்ளோ பண்றியே, நீ தெய்வம்பா" என்பார்கள். தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, எனக்கு வலித்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனால் பார்த்துக்கொள்கிற ஆளைப் புகழாதீர்கள். அந்த ஆளைக் கடைக்கோ கோயிலுக்கோ அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் அங்கே உட்காருங்கள். இல்லையா, ஒரு வாளித் துணியைத் துவைத்துப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால் போகவே போகாதீர்கள்.

ஒரு நாள் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. இருவருமாகச் சரிந்து தரையில் விழுந்தோம். நல்ல வேளை, போர்வை முன்னாலேயே தரையில் விழுந்து கிடந்தது, அவளுக்கு அடியில்லை. பக்கத்து வீட்டு ருத்ரம்மா ஓடி வந்தார்.

"சாக்குரீ, சாக்கு! எஷ்டு எத்துத்தீரா? பென்னு ஹோகுத்தெ!"

அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "யாரும்மா சாக்குச் சொல்றது? நானா? நீ வந்து தூக்கிப் பாரு, அப்பத் தெரியும்!"

அந்தம்மா என்னை முழித்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ அண்ணா, சாக்கு அந்த்ரே போதும். நிம்ம தமிழ்ல போதும்! நீ தூக்கினது போதும், பென்னு போய்டும்!" என்று தன் முதுகைத் தட்டிக் காட்டினார்.

முதலில் சிரித்தது தரையில் கிடந்த வசந்தாதான். "அந்தம்மா பாவம், இத்தினி நாளா போதும் போதும்னு கத்திக்கினு இருக்குது. நீங்க மொறைச்சிக்கினே இருந்தீங்க!"

ருத்ரம்மாவுக்கு மஞ்சு என்று ஒரு மகன். வளர்ந்த ஆள். பிறந்ததிலிருந்து நடக்க முடியாது, நான்கைந்து சொற்கள்தான் பேச்சு. புருஷன் இல்லை. "நன் மகன்ன நானு சாக்தா இல்வா?" என்றார். மகனுக்கும் போதுமா என்று குழம்பினேன். இல்லையாம். சோறு போட்டு வளர்த்துப் பார்த்துக்கொள்வதற்கும் கன்னடத்தில் சாக்குதானாம். பார்த்துக்கொள்வதும் போதும் என்பதும் ஒரே சொல்! நம் ஆட்கள் பார்த்துக்கொள்கிறவன் வாயில் போதும் என்ற சொல் வந்தாலே பாவம் என்கிறார்கள்.

அன்றே ருத்ரம்மாவும் நானும் போர்வையில் ஆளுக்கு ஒரு முனை பிடித்தோம். வசந்தாவுக்கு அடியில் மடித்த போர்வையை விட்டு, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்காமல் இழுத்து நகர்த்தினோம். ஒரு நிமிட வேலை. இதற்கா என் முதுகைக் கெடுத்துக்கொண்டேன்! மஞ்சுவையும் அப்படியே மாற்றினோம். பிறகு ஒப்பந்தம்: புதன் மாலை மஞ்சுவோடு நான், ஞாயிறு மாலை வசந்தாவோடு ருத்ரம்மா. புதன்கிழமை அவர் தங்கை வீட்டுக்குப் போனார். ஞாயிறு எனக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. வாசலிலேயே நின்றேன். உள்ளேயிருந்து வசந்தா, "இன்னும் போலியா? உங்க மூஞ்சியயே பாத்துப் பாத்து எனக்கு சலிச்சிப் போச்சு. கெளம்புங்க!" என்றாள்.

நடந்தேன். மைதானத்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். குடியாத்தத்தில் நான் வெறியாக ஆடிய ஆட்டம். ஐவரில் ஒருவன் வரவில்லை. கேட்டேன், மட்டையைக் கொடுத்தார்கள். முதல் மூன்று பந்தையும் விட்டேன். நான்காவது மஞ்சள் பந்து உயரே வந்தது. "ஹொடி குரு, ஹொடி!" என்று பின்னால் கத்தினார்கள். அடித்தேன். எதிரணிக்காரன் அசையவே இல்லை. முன்பின் தெரியாதவன் ஒருவன் என்னைக் கட்டிக்கொண்டான். அந்த ஒரு அடியில் எனக்கு இருபது வயது! வியர்வையோடு ஓடி வந்து வசந்தாவிடம் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, ஆடிவிட்டு வந்தால் வாசலில் வேன் நிற்கிறது. உள்ளே வசந்தாவின் அண்ணன் ஏகாம்பரம்.

"பொண்டாட்டிய கன்னடக்காரங்க கையில உட்டுட்டு பந்தாடப் போனியா மாப்ள? வெக்கமா இல்ல? நான் இவள ஊருக்குக் கூட்டிம்போறேன். அங்க நம்ம வூட்ல கட்டிலு, மெத்தை எல்லாம் போட்டாச்சு. இனிமே இவ அங்கதான்."

கையில் மட்டை வேறு. கூட்டிப் போகட்டும் என்று ஒரு நொடிதான் தோன்றியது. அவள் போனால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

வசந்தா படுத்தபடியே கேட்டாள். "அண்ணா, அங்க யாரு என்னைப் பாத்துக்குவா?"

"ஏன், உங்க அண்ணிதான்."

"அண்ணி மட்டுமா? அப்ப அவளுக்கும் முதுகு போவும். அவ எந்த ஞாயித்துக்கெழம எங்க போவா?"

ஏகாம்பரம் வாசலில் நின்ற வேனைப் பார்த்தார்.

"இந்தாளு முன்ன எங்கிட்ட எரிஞ்சி எரிஞ்சி விழுந்தாரு. இப்ப ஆடிட்டு வந்து சிரிக்கிறாரு. எனக்கு அது வோணும். நீ கட்டிலு போட்டியே, அதுவும் வோணும். வருஷத்துக்கு ரெண்டு தபா கூட்டிம்போ. அப்ப நீயும் ஒரு முனை புடிக்கணும், அண்ணிகிட்ட தள்ளி உடக் கூடாது. இவரு இங்க நிம்மதியாத் தூங்கட்டும்."

அந்த வேன் அன்று காலியாகவே திரும்பியது. பொங்கலுக்கு மறுபடி வந்தது. ருத்ரம்மா முன்னால் நின்று ஏகாம்பரத்துக்குப் போர்வையில் இழுக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் வேர்த்து விறுவிறுத்து, "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்று சொல்லிக்கொண்டே தங்கையை ஏற்றினார்.

இப்போது வருடத்தில் இரண்டு முறை போகிறாள். குடியாத்தத்தில் படுத்துக்கொண்டு, "மஞ்சு சாப்ட்டானா? வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்கிறாள். இங்கே வந்த மறுநாளே அங்கே போட்ட கட்டிலைப் பற்றிக் கவலை. "என் கட்டில்ல அண்ணி பீடி சுத்துற எலக் கட்ட வெச்சிருப்பாங்க. போன் போட்டுக் கேளுங்க" என்று என்னை விரட்டுகிறாள். நானும் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று, தெருவில் போகிற கன்னடக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி தமிழில் கத்துகிறேன்: "மச்சான், அந்தக் கட்டில் மேல எதையும் வெக்காத. அவ இங்கதான் இருக்கா. ஆனா வெக்காத!"