வேண்டாமென்று விட்ட வரன்

தெருவில் எல்லோரும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் முதலாளி உட்கார்ந்து வியாபாரம் பேசுவார். பின்பக்கம், ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அறையில், இவள் லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவாள். யாராவது மேலே உட்கார்ந்து நசுக்கிய கண்ணாடிகள் வரும். காதில் மாட்டுகிற கம்பியைச் சூடு காட்டி, ஒடியாமல் நிமிர்த்திக் கொடுப்பாள். கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்க்குப் பிடித்த கதை ஒன்று இருந்தது. சொந்தக்காரர்கள் கூடினால் போதும், எப்படியாவது பேச்சை அங்கே கொண்டுவந்துவிடுவாள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்காரே, அவர் மொதல்ல எனக்குத்தான் வந்த வரன். நான்தான் வேண்டாம்னுட்டேன். புல்லு வளக்கறவரைக் கட்டிக்க நான் என்ன, மாடா?"

எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையும் சிரிப்பாள்.

நடந்தது இதுதான். இருவருக்கும் கல்யாணமாகாத காலத்தில் ஒருநாள் சித்தி வந்து, "ஒரு பையன் இருக்கான். பந்து விளையாடுற மைதானத்துல புல்லு பாத்துக்கற வேலை. நீ என்ன சொல்றே?" என்று மூத்தவளைத் தனியாகக் கேட்டாள். அந்த வாரமே அவன் தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். மூத்தவள் சமையலறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். காற்சட்டையின் கீழ்விளிம்பில் பச்சைக் கறை. ஷூவின் ஓரத்தில் காய்ந்த சேறு. அவர்கள் கிளம்பியதும் சித்தியிடம், "எனக்கு வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கொஞ்ச நாளில் அதே பையனுக்குத் தங்கையைப் பேசி முடித்தார்கள். அக்கா வேண்டாமென்று விட்ட மீதி தனக்கெதற்கு என்று தங்கை மூக்கைச் சுளிக்கவில்லையே என்று அப்போது அவளுக்கு ஆச்சரியம்.

பிறகு அவளுக்கும் கல்யாணம் ஆனது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை செய்கிற மனிதர், வெளிச்சத்துக்கு வந்தால் எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுவார். அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளும் சொன்னதில்லை.

புல்லுக்காரர் மட்டும் புல்லைப் போலவே சத்தமில்லாமல் வளர்ந்தார். மைதானத்திலிருந்து ஒரு பெரிய ஹோட்டலின் தோட்டத்துக்குப் போனார். அங்கிருந்து, கடலோரப் பாறை உச்சியில் பணக்காரர்களுக்காகப் புதிதாகத் திறந்த கோல்ஃப் மைதானத்துக்குத் தலைமைப் பொறுப்பாளராகப் போனார். மைதானத்துக்குள்ளேயே வீடும் கொடுத்தார்கள். தங்கை போனில் படம் படமாக அனுப்பினாள். கண்ணாடியக்கா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'நல்லா இருக்கு' என்று மட்டும் பதில் போடுவாள். தங்கை கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்கு. கடையில் ஆளில்லை, முட்டி வலி, மழை வரும்போலிருக்கிறது.

"மழைக்கு இன்னும் மாசக்கணக்குல இருக்கே" என்றார் லிஃப்ட்காரர். "பாவம், எத்தனை தடவை கூப்பிடுவா? திங்கக்கிழமை கோல்ஃப் கிளப்புக்கு லீவாம். வேலை செய்யறவங்க குடும்பமெல்லாம் உள்ள சுத்திப் பாக்கலாமாம். நான் லீவு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டார். வேறு வழியில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் தங்கை காரோடு நின்றாள். அவளே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்காவுக்கு வயிற்றெரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. சைக்கிளில் திரும்பும்போது கை காட்டத் தெரியாமல் வேலிக்குள் விழுந்தவள், இப்போது ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றி, கொண்டையூசி வளைவுகளில் ஏற்றிக்கொண்டு போகிறாள். வாசலில் காவலாளி எழுந்து சல்யூட் அடித்தான். தங்கை தலையசைத்தாள். எப்போது கற்றுக்கொண்டாள் இந்தத் தலையசைப்பை?

வீட்டுக் கதவைத் திறந்ததும் கூடத்தின் சுவரே கடலாக இருந்தது. தரையிலிருந்து மேல்தளம் வரை ஒரே கண்ணாடி. கீழே பாறையில் அலை மோதி நுரைத்தது. கண்ணாடியக்காவின் வீட்டுச் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் தெரியும். யாராவது குளித்தால் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்கும்.

"காத்து ரொம்ப ஜாஸ்தியோ?" என்றாள்.

"சன்னலை மூடிட்டா ஒண்ணும் தெரியாதுக்கா."

"உப்புக் காத்து. சாமானெல்லாம் துருப்பிடிச்சிடுமே."

"துருப்பிடிச்சா கிளப்புலயே மாத்திக் குடுத்துடறாங்க."

"இந்த அலைச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறீங்களோ?"

"வந்த புதுசுல தூக்கமே வரலை. இப்ப வெளியூர் போனாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

கை கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேயும் ஒரு சன்னல். அதிலும் கடல். பல் தேய்க்கிறதுக்குக்கூடவா கடல் வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

சாப்பாடானதும் மைதானத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். பேட்டரி வண்டிகள் இரண்டு நின்றன. பாறை உச்சியிலிருந்து கடற்கரைக்கு இறங்க ஒரு லிஃப்ட் இருப்பதாகச் சகலை சொல்லியிருந்தார். அவ்வளவுதான், லிஃப்ட்காரர் குழந்தையாகிவிட்டார்.

"மொதல்ல அதைக் காட்டும்மா" என்று தங்கையின் வண்டியில் ஏறிக்கொண்டார். "பாறையைக் குடைஞ்சா போட்டிருக்காங்க? கம்பி எந்த ஊர்லேர்ந்து வந்ததாம்?"

"வாங்க மாமா, நீங்களே கேட்டுக்கங்க" என்று தங்கை அவரை அழைத்துக்கொண்டு போனாள். அக்கா புல்லுக்காரரின் வண்டியில் உட்கார்ந்தாள்.

வண்டி சத்தமே இல்லாமல் போனது. இரண்டு பக்கமும் புல். புல் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, யாரோ பச்சை வெல்வெட்டை இழுத்துக் கட்டி ஓரம் தைத்த மாதிரி. அது அப்படியே போய், பாறை விளிம்பில் சட்டென்று முடிந்தது. அதற்கப்பால் வெறும் நீலம். குச்சியால் ஒரு பந்தைத் தட்டிவிட்டு அதன் பின்னாலேயே நடப்பதற்கா இவ்வளவு பெரிய இடம் என்று இருந்தது அவளுக்கு. எதிரே வந்த வேலையாட்கள் ஒதுங்கி நின்று புல்லுக்காரருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, மண்டியிட்டு, கட்டைவிரலால் தரையை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். காற்சட்டையில் மடிப்புக் கலையவில்லை. ஷூ பளிச்சென்று இருந்தது.

இந்த வண்டியில் இந்த இடம் என்னுடையது. இந்த நினைப்பு வந்ததும் அதை வாய்க்குள் வைத்திருக்க அவளால் முடியவில்லை. வேடிக்கை மாதிரிதான் ஆரம்பித்தாள்.

"என்ன மாப்ளே, அன்னிக்கு நான் மட்டும் வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு இந்த வீடு, வண்டியெல்லாம் என்னோடதா இருந்திருக்கும், இல்லே?"

அவர் திரும்பிப் பார்த்தார். "எது அண்ணி?"

"அதான், நீங்க என்னைப் பாக்க வந்தீங்களே."

"உங்களையா?" வண்டி மெதுவானது. "நான் உங்களைப் பாக்க வரலையே அண்ணி. இவளைப் பாக்கத்தான் வந்தேன்."

"சித்தி என்கிட்டதானே கேட்டாங்க?"

"அது எனக்குத் தெரியாது. இவ அப்ப விதைக்கடையில இருந்தா. மைதானத்துக்குப் புல்விதை வாங்கப் போவேன். தேவைக்கு மேலயே வாங்கப் போவேன்னு வச்சுக்கங்களேன்." சிரித்தார். "உங்க சித்தி அந்தக் கடைக்கு வருவாங்க. அவங்ககிட்டதான் இந்தப் பொண்ணைப் பேசி முடிச்சுக் குடுங்கன்னு கேட்டேன். எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்ததும் அதுக்குத்தான். வீட்ல ஒரு அக்கா இருக்காங்கன்னு வந்தப்புறம்தான் தெரியும். உங்களை அன்னிக்கு நான் பாத்த மாதிரிகூட ஞாபகம் இல்லை."

பாதி சிரிப்பிலேயே அவர் நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

எத்தனை வருஷமாகச் சொல்லிவந்த கதை! அவள் வேண்டாமென்று விட்டது எதுவும் இல்லை. அவளுக்கு வராத வரனைத் தள்ளிவிட்டதாகப் பெருமைப்பட்டு, அப்புறம் ஐயோ தள்ளிவிட்டோமே என்று வயிறெரிந்து, இரண்டும் வீண். கதவிடுக்கில் ஒளிந்து பார்த்ததை நினைத்தபோது காது மடல் சுட்டது.

பாறை இரண்டாகப் பிளந்திருந்த இடத்தில் தங்கையின் வண்டி நின்றிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் பந்து பிளவைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்வெளியில் விழ வேண்டும். நடுவில் ஆழத்தில் கடல். லிஃப்ட்காரர் கூவினார்: "சகலை, சூப்பர் லிஃப்ட்! ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஏய், இங்க வந்து பாரு, உன் தங்கச்சி அடிக்கப் போறா!"

தங்கை காலை அகட்டி நின்று, மட்டையை ஓங்கிச் சுற்றினாள். சுளீரென்று ஒரு சத்தம். பந்து வானத்தில் புள்ளியாகிக் காணாமல் போய், எதிர்ப்புறப் பச்சையில் வெள்ளையாகத் துள்ளியது. லிஃப்ட்காரர் கைதட்டித் தீர்த்துவிட்டார். தனக்கு அவர் இப்படிக் கைதட்டி அக்கா பார்த்ததில்லை. கைதட்டும்படி தானும் எதையும் அடித்ததில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஆண்கள் இருவரும் பந்தை எடுக்க வண்டியில் சுற்றிக்கொண்டு போனார்கள். அக்கா கேட்டாள்.

"அவர் உன்னைப் பாக்கத்தான் வந்தாராமே. உனக்குத் தெரியுமாடி?"

தங்கை மட்டையின் நுனியில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தாள். "தெரியும்க்கா."

"எப்போலேர்ந்து?"

"அன்னிலேர்ந்தே. கடையிலயே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சித்திகிட்டப் பேசினார்."

"அப்புறம் ஏன்டி வாயை மூடிட்டு இருந்தே? ஊரெல்லாம் கூட்டி வச்சு அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தேனே. மாடு அது இதுன்னு உன் புருஷனைக் கேலி பண்ணேனே."

"எல்லார் முன்னாடியும் எப்படிக்கா சொல்றது? நீ அதைச் சொல்றப்போ உன் முகத்துல ஒரு சந்தோஷம் இருக்கும். அப்புறம் உனக்குச் சங்கடமா போயிடுமேன்னு விட்டுட்டேன். மொதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பழகிடுச்சு."

அக்காவுக்கு அந்த நிமிஷம் வீடும் மறந்தது, கண்ணாடிச் சுவரும் மறந்தது. வீட்டை விட்டால் இன்னொரு வீடு கட்டலாம். இந்தப் பெருந்தன்மையை எந்தக் கடையில் வாங்குவது? அதுவும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று புதிதாக ஒரு பொறாமை கிளம்பியது. இதற்கு முன் வந்ததெல்லாம் இதன் முன்னால் கால் தூசு. தங்கை கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"அந்தக் குச்சியைக் குடு" என்றாள்.

தங்கை இன்னொரு பந்தைத் தரையில் வைத்துவிட்டு மட்டையை நீட்ட, வாங்கி ஓங்கி வீசினாள். முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவதில் புல் ஒரு பிடி பெயர்ந்து பறந்தது. மூன்றாவதில் பந்து பக்கவாட்டில் உருண்டு, விளிம்பில் கொஞ்சம் தயங்கி, கடலுக்குள் விழுந்தது.

"நல்லவேளை, மட்டை போகலை" என்றாள் தங்கை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கடற்காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் சித்திக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். சித்தி கொஞ்சமும் அசரவில்லை.

"மூத்தவ இருக்கறப்போ இளையவளைப் பத்தி எப்படிடி நேரா பேச்செடுக்கறது? நீ மனசு சங்கடப்படுவியேன்னு பேருக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டு வச்சேன். உனக்குப் புல்லு, மண்ணெல்லாம் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். எங்கே நீ சரின்னு சொல்லித் தொலைச்சிடுவியோன்னு அந்த வாரம் முழுக்க வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, காப்பாத்தினே!"

கண்ணாடியக்கா போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஞாபகமாக அவளைச் சீண்டினார்கள். "என்ன கண்ணாடியக்கா, நீங்க வேண்டாம்னு விட்ட மாப்பிள்ளை இப்ப எங்கேயோ போயிட்டாரே?" பக்கத்தில் தங்கை இருந்தாள். அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் எங்கே வேண்டாம்னேன்? அவர் வந்ததே இவளைப் பாக்கத்தான். நான் பாட்டுக்கு நடுவுல கதவு பின்னாடி நின்னுக்கிட்டு பெரிய இவளாட்டம் பேசிட்டேன்."

அந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தங்கை மட்டும் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. தங்கை படம் அனுப்பினால் இன்னமும் பெரிதாக்கித்தான் பார்க்கிறாள். ஆனால் சாக்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மறுவருஷம் பெட்டியோடு போய் இறங்கினாள். லிஃப்ட்காரரும் புல்லுக்காரரும் கடற்கரைப் பக்கம் போயிருந்த ஒரு மாலையில், காய்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது நேராகவே சொல்லிவிட்டாள்.

"இங்க வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுதுடி. மனசுல வச்சுக்க முடியலை, சொல்லிட்டேன்."

தங்கை போர்வையின் மறுமுனையை அவள் கையில் கொடுத்தாள்.

"தெரியும்க்கா. எரிஞ்சாலும் பரவாயில்லை, வந்துக்கிட்டே இரு."

"அதுவும் தெரியுமா உனக்கு?" என்று அக்கா முறைத்தாள். போர்வையை மடித்து அடுக்கிவிட்டு, முதலாளிக்குப் போன் போட்டு, இன்னும் ரெண்டு நாள் லீவு வேண்டுமென்று கேட்டாள்.