சரளைக் காட்டில் ஊன்றிய முகூர்த்தக்கால்

எங்கள் மேய்ச்சல் காட்டில் ஆடு கட்ட முளைக்குச்சி அடிக்க முடியாது. ஒரு சாண் வரைக்கும் இறங்கும். அதற்குக் கீழே ‘ணங்’ என்று சத்தம் கேட்கும். குச்சியின் நுனி, மென்ற வேப்பங்குச்சி மாதிரி நார்நாராகப் பிரிந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் ஆட்டைக் கல்லில்தான் கட்டுவார்கள். நல்ல கிடாயாக இருந்தால் கல்லையும் இழுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும்.

மண் என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்குத்தான். மேலே செம்மண்ணும் சரளையும் கலந்து கிடக்கும். நடுநடுவே வெள்ளை வெள்ளையாக வெங்கச்சாங்கல், சித்திரை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அடியில் சுண்ணாம்புப் பாறை. சோளம் விதைத்தால் முழங்கால் உயரம் வந்து, அதற்கு மேல் வளர மனமில்லாமல் நின்றுவிடும். ஆனால் ஒரு மழை போதும், கொழுக்கட்டைப் புல் காடு முழுக்கக் கிளம்பிவிடும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். அதன் காய் உதிரும் காலத்தில் எங்கள் ஆடுகளுக்குத் தினமும் விருந்துதான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பாகம் பிரித்தபோது, இந்தக் காட்டின் மேட்டில்தான் என் வீட்டுக்காரர் வீடு கட்டினார். கிணற்றடி நிலத்தில் கட்டலாமே என்று கேட்டேன்.

“வெளையற மண்ணுல யாராச்சும் ஊடு கட்டுவாங்களா?” என்றார்.

நான் சேலத்தில் அத்தை வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவள். படித்ததால் கண்ட பலன், கவலைப்பட எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக விஷயம் கிடைத்தது. கல்லைப் புரட்டினால் தேள் இருக்கும் என்று பயம். குழந்தை விழுந்தால் முட்டி பெயர்ந்து சீழ் வைக்கும் என்று பயம். என் மகளோ அந்தச் சரளையில் செருப்பில்லாமல் ஓடியே வளர்ந்தாள். அவள் முழங்காலில் காயம் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

அவளுக்கு மோகனூர்ப் பக்கம், காவிரிக் கரையில் மாப்பிள்ளை அமைந்தது அறுபதுகளின் நடுவில். கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் என்று பேசினோம். பெரிய பந்தல் போட வேண்டும் என்று, வாசலில் நின்ற வெள்வேல மரத்தை முன்கூட்டியே வெட்டி, வேர்க்கட்டையையும் பெயர்த்து, குழியில் சரளையைக் கொட்டி, மேலே சாணி போட்டு மெழுகிவிட்டோம். மரம் நின்ற இடமே தெரியவில்லை. எல்லோருக்கும் பெருமை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் முகூர்த்தக்கால் ஊன்றுவது வழக்கம். மூன்று கவராகப் பிரிந்த பாலைமரக் கிளையில் மஞ்சள் துணி கட்டி, பந்தலின் வடகிழக்கு மூலையில், குறித்த நல்ல நேரத்துக்குள் நட வேண்டும். நேரம் தப்பினால் வேறு நாள் பார்க்க வேண்டும். கல்யாணத் தேதியும் அதோடு தள்ளிப்போகும். நட்டபின் கால் சாய்ந்தால் நல்லதில்லை என்று வேறு சொல்வார்கள். நான் அதை நம்பினேனா என்றால், மகள் விஷயத்தில் எதையும் நம்பாமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

குழி தோண்டுவது பெண்ணின் தாய்மாமனான என் அண்ணன். கடப்பாரையை ஓங்கிப் போட்டார். ஒரு சாண் போயிற்று. அடுத்த போட்டில் பொறி பறந்தது.

“கொஞ்சம் தள்ளிப் போடு மச்சான்” என்றார் என் வீட்டுக்காரர்.

தள்ளிப் போட்டார். அங்கேயும் பொறி.

மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் சம்பந்தி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரசித்துக்கொண்டிருந்தார். “எங்கூருல குச்சியக் கையில அமுத்துனாப் போதுமுங்க, முழங்கை வரைக்கும் எறங்கிரும்” என்றார்.

“ஆமாங்க. மழ பேஞ்சா வண்டியும் அப்படித்தான் எறங்குமுங்க” என்றார் என் அண்ணன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மண்ணெண்ணெய் டின்னில் மணலை நிரப்பி அதில் நிறுத்தலாமா என்று யாரோ கேட்டார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களைச் சீரோடு நடத்திவைக்கும் அருமைக்காரர் முகத்தைச் சுளித்தார். “டின்னுல நட்டு வெக்கறதுக்கு இதென்ன துளசிச் செடிங்களா? காலு மண்ணுல நிக்கோணும். நேரம் போயிட்டிருக்குதுங்க, வெரசலா ஆவட்டும்.”

தேதி தள்ளிப்போனால் அடுத்து ஆடி வந்துவிடும். ஆடி போனால் மாப்பிள்ளை வீட்டார் மனசு எப்படி இருக்குமோ? அதற்குள் நான் மனசில் கல்யாணத்தையே நிறுத்திவிட்டேன். ஊறினால் மண் இளகும் என்று நினைத்து, குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். பாறை எப்படி இளகும்? தண்ணீர் குழியை நிரப்பி வழிந்து, வாசலில் ஓட ஆரம்பித்தது. சம்பந்தி காலை மேலே தூக்கிக்கொண்டார்.

அப்போது மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “அம்மா! அங்க பாரு, தண்ணி அங்க போயிக் காணாமப் போவுது!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வாசலின் நடுவில் ஓர் இடத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்று, நுரையோடு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வெள்வேல மரம் நின்ற இடம். எத்தனையோ வருஷமாக அதன் வேர் பாறையைப் பிளந்து வைத்திருக்கிறது. அந்த வாசலிலேயே ஆழமான ஒரே இடம் அதுதான். அதை நாங்களே மூடி, மெழுகி, மறந்தும் போயிருக்கிறோம்.

அண்ணன் ஓடிப்போய்க் கடப்பாரையைப் போட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் அருமைக்காரர் தலையை ஆட்டினார். “இது நடு வாசலுங்க. வடகெழக்கு மூலையில்ல வேணும்?”

என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “இதுதானுங்க மூலை. பந்தலை இந்தப் பக்கமா நகத்திப் போட்டுக்கறோம்.”

அருமைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பாலை ஊற்றி, நவதானியம் போட்டு, நேரம் முடிவதற்குள் கால் ஊன்றப்பட்டது. பந்தல் அதற்குத் தகுந்தபடி தென்மேற்கே நகர்ந்து, ஒரு பக்கம் மாட்டுத் தொட்டியையும் இன்னொரு பக்கம் பாதி வைக்கோல் போரையும் சேர்த்து மூடிக்கொண்டு நின்றது.

மற்ற பந்தல் கால்களுக்கு வேர் பிளந்த இடம் ஏது? சாண் குழியில் நிறுத்தி, சுற்றிலும் கல்லை அடுக்கி இறுக்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல், மாப்பிள்ளை வீட்டார் வாடகை லாரியில் வந்து இறங்கி, கையில் காப்பி வாங்கும் நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. கிளுவை வேலிக்கு அப்பால் செம்புழுதி எழுந்து வருவதைப் பார்த்தேன். பந்தல் முழுசாக மூச்சு வாங்குவதுபோல மேலே எழும்பியது. ஓலை பறந்தது. காலுக்கு முட்டுக்கொடுத்த கல்லெல்லாம் உருள ஆரம்பித்தது.

“புடிங்க! புடிங்க!” என்று அண்ணன் கத்தினார்.

ஆளுக்கொரு காலைக் கட்டிப் பிடித்தார்கள். பட்டு வேட்டியோடு சம்பந்தி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். காப்பியெல்லாம் சட்டையில். “ஏனுங்க சம்பந்தி, பந்தலைத் தாங்கறதுக்குத்தான் லாரி நெறய ஆளு கூட்டியாரச் சொன்னீங்களா?” என்று காற்றுக்கு மேல் குரல் கொடுத்தார். என் வீட்டுக்காரர் எதிர்க் காலைப் பிடித்தபடியே குனிந்து கும்பிட முயன்றார்.

நான் ஓடிப்போய் முகூர்த்தக்காலைப் பிடித்துக்கொண்டேன். மழை சாத்து சாத்தென்று சாத்தியது. பின் பக்கம் பந்தலின் ஒரு வரிசை அப்படியே உட்கார்ந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இது சாயக் கூடாது, இது மட்டும் சாயக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கோடை மழை எவ்வளவு நேரம் பெய்யும்? நின்றது. சரளை தண்ணீரை இழுத்துக்கொண்டது. வெயில் அடித்ததும் வாசலில் காலில் ஒட்டச் சேறில்லை. சம்பந்தி செருப்பைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, “எங்கூருன்னா இன்னேரம் முழங்கால் சேறுங்க” என்று ஒப்புக்கொண்டார். ஆட்கள் சிரித்துக்கொண்டே ஓலை பொறுக்கப் போனார்கள்.

நான் மட்டும் நகரவில்லை. இதை எழுதும்போதும் உள்ளங்கையில் அந்தக் கிளையின் சொரசொரப்பு தெரிகிறது. மகள் வெளியே வந்தாள். தலையில் பூ நனைந்து தொங்கியது. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“உடும்மா. நீ புடிச்சதுனாலயா அது நின்னுச்சு? அது பாட்டுக்கு நிக்குது” என்றாள். பிறகு கிளையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், எனக்குக் காட்டுவதற்காக. அது அசையவில்லை. அவள் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள், மாற்றுப் புடவை எடுத்துக் கொடுக்க.